முகம் தேடும் வேலை

செப்டெம்பர் 14, சனி

கல்யாண வீடுகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியது போதும் என்று முழங்கால் எப்போதோ சொல்லிவிட்டது. நான் கேட்கவில்லை. டொக்டரும் சேர்ந்து சொன்ன பிறகுதான் கேட்டேன். இன்றிலிருந்து நான் பிறக்காத பிள்ளைகளைப் படம் பிடிக்கிறவள்.

இவருடைய தங்கை தயாளினி ஸ்காபரோவில் நாங்கள் மரக்கறி வாங்குகிற கடைக்குப் பக்கத்தில், முன்பு நகைக்கடை இருந்த இடத்தை எடுத்து 'பிஞ்சு முகம்' என்று போர்டு போட்டிருக்கிறாள். கர்ப்பிணிகள் வந்து படுப்பார்கள். வயிற்றில் ஜெல் பூசி, ஸ்கான் கருவியை வைத்து, உள்ளே இருக்கிற பிள்ளையின் முகத்தைச் சுவர் அகலத் திரையில் காட்டவேண்டும். படமும் பாட்டுப் போட்ட வீடியோவும் கொடுக்கவேண்டும். நோய் நொடி பார்ப்பது எங்கள் வேலை இல்லை. அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. இது ஆசைக்கு.

மெஷின், மூடிப்போன ஒரு கிளினிக்கிலிருந்து வாங்கியது. விற்றவன் இரண்டு நாள் வந்து சொல்லித்தந்தான். மெஷின் முகத்துக்குப் போடுகிற வெளிச்சத்தை எந்தப் பக்கம் திருப்பினால் மூக்கு எடுப்பாகத் தெரியும் என்று கடைசியில் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். திரையின் மூலையில் ஏதோ எழுத்தும் இலக்கமும் நின்று படத்தைக் கெடுத்தன. கடைப் பெயர் போட்ட சின்ன இதய ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் ஒட்டிவிட்டேன்.

"மச்சாள், உங்கட கண் கண்தான்" என்றாள் தயா. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

செப்டெம்பர் 22, ஞாயிறு

ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். படுத்திருந்த பெண்ணைத் தவிர எல்லோரும் கதைத்தார்கள்.

"மூக்கு அப்பிடியே எங்கட ஆக்கள்" என்றார் மாப்பிள்ளைப் பெடியனின் தாய்.

"பிறக்க முதல் எல்லாருக்கும் சப்பைதான். கொஞ்சம் பொறுங்கோ, நிமிரும்" என்றார் பெண்ணின் தாய்.

நான் சிரிப்பை அடக்க ஜெல் போத்தலைத் தேடுகிற மாதிரிக் குனிந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா ஒருவர் வாட்ஸப்பில் வந்தார். லைன் அறுந்தது. திரும்ப வந்தார். கண்ணாடியைக் காணவில்லை என்று தேடப் போனார். அவர் தேடி எடுக்கும்வரை கருவியை வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல கோணம் கிடைத்துவிட்டால் கையை எடுக்கக்கூடாது. தாலி கட்டுகிற நேரம் யாராவது கமராவை இறக்குவார்களா?

வீட்டுக்கு வந்து இவருக்கு ரசம் வைத்தேன். சளி இன்னும் போகவில்லை.

செப்டெம்பர் 28, சனி

'இது வைத்தியப் பரிசோதனை அல்ல' என்று தொடங்குகிற கடிதாசியில் எல்லோரும் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். இன்று வந்த நிரூஜா வரி வரியாக வாசித்தாள். ஆறாம் மாதம். தனியாக வந்தாள். எங்கள் கடைக்கு யாரும் தனியாக வருவதில்லை.

புருஷன் துவாரகன் அல்பேர்ட்டாவுக்கு ட்ரக் ஓட்டுகிறான். போனால் நாட்கணக்கில் வரமாட்டான். தாய் கிளிநொச்சியில். விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். படுத்ததும் போனை நெஞ்சில் நிமிர்த்தி வைத்தாள்.

"அம்மா, தெரியுதே?"

"தெரியுது பிள்ளை, தெரியுது. ஐயோ, வாயைப் பார். கொட்டாவி விடுறா என்ர ராசாத்தி."

தாய் அழுதார். மகள் அழுதாள். கல்யாண வீடுகளில் எத்தனையோ அழுகையைப் படம் பிடித்தவள்தான் நான், ஆனாலும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. நேரம் முடிந்த பிறகும் கருவியை எடுக்க மனம் வரவில்லை. தயா கதவைத் தட்டின பிறகுதான் எடுத்தேன்.

பல தடவை வருகிறவர்களுக்கு ஒரு சலுகைத் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தாள். போகும்போது, "அக்கா, இனிக் கொஞ்ச நாளைக்கு எனக்கு நித்திரை வரும்" என்றாள்.

ஒக்டோபர் 3, வியாழன்

ஹீற்றர் பில்ரர் மாற்றினேன். இவர் ஏணியைப் பிடித்தார், அவ்வளவுதான். அதற்கே களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்.

ஒக்டோபர் 12, சனி

நிரூஜாவின் பிள்ளை இன்று முகத்தைக் காட்டமாட்டேன் என்று இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கிடந்தது. விடுவேனா? இனிப்புப் போனால் பிள்ளை திரும்பும் என்று தோடம்பழச் சாறு குடிக்கக் கொடுத்தேன். கடைக்குள் நடக்கவிட்டேன். சரிந்து படுக்கச் சொன்னேன். கருவியாலேயே வயிற்றை மெல்ல இடித்துப் பார்த்தேன். பிள்ளை கோபம் வந்து திரும்ப உதைத்தது. என் கை துள்ளியது.

"விடுங்கோ தங்கச்சி, பாவம். அவளுக்கு வெக்கம்" என்றார் கிளிநொச்சி அம்மா.

கடைசியில் ஒரு கையை விலக்கியது. அரைமுகம் கிடைத்தது. அதுவே கொள்ளை வடிவு.

ஜெல்லைத் துடைக்கும்போது நிரூஜா சொன்னாள், "அக்கா, நான் இஞ்ச வாறது என்ர டொக்டருக்குப் பிடிக்கேல்ல."

"ஏன், அவவுக்கு என்ன நட்டம்?"

"காரணம் இல்லாமல் ஸ்கான் செய்யிறேல்லையாம். உங்களுக்கு என்ன தெரியவேணுமோ அதை என்னட்டக் கேளுங்கோ எண்டுறா."

"கேட்டனியே?"

"கேக்க முதல் அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டா."

அதுதான் விஷயம். அவர்களுக்கு ஆளைப் பார்க்க நேரமில்லை. பார்க்கிறவர்களைக் கண்டால் பிடிக்கவில்லை. நான் இன்று இந்தப் பிள்ளையோடு எவ்வளவு நேரம் மினக்கெட்டேன்! பின்னேரம் முழுக்க அந்த டொக்டரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

இன்று வந்த பெண்ணோடு கூட வந்த தங்கைக்காரி ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிறவளாம். முன்பே தெரிந்திருந்தால் வெளியே இருத்தியிருப்பேன். வந்ததும் வராததுமாகத் திரையில் ஸ்டிக்கர் ஒட்டின மூலையைக் காட்டினாள்.

"இதை ஏன் அக்கா மூடி வச்சிருக்கிறியள்?"

"படத்துக்கு வடிவில்லை."

"நாங்கள் அதைத்தான் பாத்துப் பாத்துச் செய்யிறனாங்கள். உள்ளுக்குப் போற சத்தம் எவ்வளவு சூடாக்கலாம் எண்டு அந்த இலக்கம் சொல்லும். கூடினால் குறைப்பம். இல்லாட்டிக் கையை எடுப்பம்."

"சூடோ? வெறும் சத்தம்தானே?"

"காதுக்குக் கேளாத சத்தம். அது போய் முட்டுற இடத்தில கொஞ்சம் சூடு வரும். பிள்ளைக்கு இதால ஏதும் வந்ததெண்டு இன்னும் ஒருத்தரும் காட்டேல்ல. வரவே வராதெண்டும் ஒருத்தரும் எழுதித் தரேல்ல. அதுதான் தேவையானதைப் பாத்த உடன நிப்பாட்டிடுவம்."

"முகத்தைப் பாக்கிறேல்லையோ?"

"கடைசியாத்தான். முதல் இதயம், சுத்தியிருக்கிற தண்ணி, நச்சுக்கொடி, பிள்ளையின்ர அசைவு. பிறகு நேரம் இருந்தால் முகம்."

அவளுடைய அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. சந்தோஷமாக வந்த இடத்தில் வந்து மண்ணள்ளிப் போட்டுவிட்டாள். படம் நன்றாக வந்தும் யாரும் வாய் திறந்து புகழவில்லை.

ஒக்டோபர் 21, திங்கள்

ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். ஓரமெல்லாம் ஊத்தை பிடித்திருந்தது. தயாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

கீழே இருந்த இலக்கம் கருவியை நகர்த்த நகர்த்த மாறியது. எது கூட, எது குறைவு என்று விற்றவன் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று அவனுக்குப் போன் எடுத்தேன். அந்த நம்பர் பாவனையில் இல்லையாம்.

ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

நிரூஜாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். துவாரகன் வினிப்பெக்கில் பனிக்குள் நிற்கிறான். ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

சோபாவில் சாய்ந்து தட்டை வயிற்றின்மேல் வைத்துப் பயற்றம் பணியாரம் கடித்துக்கொண்டிருந்தாள். தட்டு ஒரு துள்ளுத் துள்ளியது. பணியாரம் கீழே உருண்டது. இவர் அதைப் பொறுக்கிக்கொண்டு, "பங்கு கேக்கிறா போல" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லாத இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்புக் கேட்டு நாளாயிற்று.

"அக்கா, அம்மாவைவிட இப்ப உங்களோடதான் கூடக் கதைக்கிறன்" என்றாள்.

அவள் போன பிறகு பாத்திரம் கழுவ நீண்ட நேரம் எடுத்தது.

நவம்பர் 9, சனி

கமராவைப் பிடித்த நாளிலிருந்து இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை.

நிரூஜாவுக்கு முன்பதிவு இல்லை. காலையில் போன் எடுத்தாள். "அக்கா, நேற்றையிலிருந்து பிள்ளை அவ்வளவா அசையேல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் முழுக்க இருத்தி வைப்பினம். உங்களிட்ட ஒருக்கா வந்து பாப்பமோ எண்டு யோசிக்கிறன்."

"வா பிள்ளை, அதுக்கென்ன" என்றேன். தயா இரண்டு ஆட்களுக்கு நடுவில் இடம் போட்டுத் தந்து, பார்க்கவென்று தானும் உள்ளே வந்து நின்றாள்.

கருவியை வைத்ததும் முகம். கை இல்லை, கால் இல்லை, தொப்புள்கொடி குறுக்கே இல்லை. நேராக, அமைதியாக. வெளிச்சத்தை இடது பக்கம் திருப்பினேன். கண்ணிமை, உதட்டு மடிப்பு, நாடியில் ஒரு சின்னக் குழி. சாமத்தியச் சடங்கில் சோடித்து வைத்த பெட்டையைக்கூட இப்படி ஆடாமல் அசையாமல் இருத்தமுடியாது. அவசரம் இல்லாமல் ஒவ்வொரு கோணமாக எடுத்தேன்.

ஸ்பீக்கரில் இதயச் சத்தத்தைப் போட்டேன். கிளிநொச்சி வரைக்கும் கேட்டது.

"கேக்குதோ அம்மா? நித்திரை கொள்ளுறா. நல்லா இருக்கிறா" என்றேன்.

நிரூஜா கண்ணை மூடிப் பெரிய மூச்சு விட்டாள். "நீங்கள் சொன்னாப் போதும் அக்கா." வயிற்றிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. ஜெல் துடைக்க நான்தான் அந்தக் கையைத் தூக்கி வைக்கவேண்டியிருந்தது.

தயா படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டவேண்டும் என்கிறாள். நிரூஜாவும் ஓம் என்றுவிட்டாள். இரவைக்குப் புட்டு.

நவம்பர் 10, ஞாயிறு

என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் தேத்தண்ணியோடு இருந்து நிரூஜாவின் வீடியோவை வெட்டத் தொடங்கினேன். கொட்டாவி, கையாட்டு, உதை, விரல் சூப்புதல் என்று துண்டு துண்டாக எடுத்துப் பாட்டோடு சேர்ப்பதுதான் என் வழக்கம். அசைவு இருந்தால்தான் வெட்டலாம். நேற்றைய வீடியோவில் வெட்ட ஒன்றுமில்லை. ஓடவிட்டேன். இன்னும் தள்ளி ஓடவிட்டேன். ஒரே படம். கோப்பு பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஆனால் நான் ஸ்டிக்கரை உரித்த அந்த மூலையில் நேரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. என் கை நகர்ந்த இடங்களில் படம் நகர்ந்தது. பிள்ளை மட்டும் நகரவில்லை.

ஒக்டோபர் வீடியோவை எடுத்துப் பக்கத்தில் போட்டேன். இடித்ததற்குத் திரும்ப உதைத்த பிள்ளை. இரண்டையும் மாறி மாறி ஓடவிட்டேன்.

தயாவுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சாள், நாங்கள் வைத்தியம் பாக்கிறேல்ல. நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது. நல்லதெண்டும் சொல்லக்கூடாது, கூடாதெண்டும் சொல்லக்கூடாது."

"நேற்று நான் நல்லதெண்டு சொன்னனான், தயா. நீயும் பக்கத்திலதான் நிண்டனி."

போனை வைத்துவிட்டு நிரூஜாவுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, இப்ப அசையுதோ?"

"நித்திரைதான் அக்கா. நீங்கள்தானே சொன்னியள்."

"நான் சொன்னதை விடு. விடிஞ்சதிலிருந்து ஒருக்கா எண்டாலும் உதைச்சதோ?"

மற்றப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை மூடினாள்.

"இல்லை. ஆனால் இதயம் கேட்டதுதானே? அம்மாவும் கேட்டவ. நீங்கள் பாத்திட்டு நல்லா இருக்கெண்டு சொன்னபடியால்தான் நான் நேற்று நித்திரை கொண்டனான்."

எத்தனையோ பேருக்கு முன்னால் என் கண்ணைப் பற்றிப் பெருமை அடித்தவள் நான். வெட்கம் என்றால் இதுதான் வெட்கம்.

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. நான் கலியாண வீட்டில படம் எடுத்த மனிசி. எனக்கு மூக்கும் வாயும்தான் தெரியும். உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு பாக்க எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்ல. சப்பாத்தைப் போடு. நான் வாறன்."

இவர் தானாகவே காரை எடுத்தார். வழியெல்லாம் அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எழும்பு குஞ்சு, எழும்பு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாள் முழுக்க இருத்தி வைப்பார்கள் என்று பயந்த இடத்தில், 'அசைவு இல்லை' என்ற சொல்லைக் கேட்டவுடனேயே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வயிற்றில் பட்டி கட்டி இதயத் துடிப்பைக் கடதாசியில் ஓடவிட்டார்கள். அங்கே ஸ்கான் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். முகத்தைத் தேடவே இல்லை.

தாதி கேட்டாள், எப்போதிலிருந்து அசைவு குறைந்தது என்று. வெள்ளிக்கிழமையிலிருந்து என்றாள் நிரூஜா. அப்படியென்றால் நேற்று ஏன் வரவில்லை?

நிரூஜா என்னைப் பார்த்தாள். பிறகு தாதியிடம், கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை என்று இங்கிலிஷில் சொன்னாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். "அப்படியில்லை" என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதற்குள் டொக்டர் வந்துவிட்டார். வயிற்றை வெட்டிப் பிள்ளையை உடனே எடுக்கவேண்டும் என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவளுடைய போன் என் கையில் இருந்தது. கிளிநொச்சியிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து என்ன சொல்வது?

நவம்பர் 11, திங்கள்

பிள்ளை உயிரோடு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள். மூச்சுவிட மெஷின். இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லமுடியாதாம்.

நவம்பர் 12, செவ்வாய்

நிரூஜாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். டொக்டர் வந்தபோது என்னையும் இருக்கச் சொன்னாள். நச்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லையாம். உணவும் ஒட்சிசனும் போதாமல் போக, பிள்ளை இருக்கிற பலத்தைப் பிடித்து வைக்க அசைவதை நிறுத்தியிருக்கிறதாம். இதயம் மட்டும் கடைசிவரை அடித்துக்கொண்டிருக்குமாம். அதனால் துடிப்புக் கேட்டால் மட்டும் போதாதாம்.

வாசலுக்கு வெளியே அவரைத் தனியாகப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் அடிக்கடி வைத்த கருவியாலா இது என்று கேட்டேன்.

அதனால் வந்தது என்று தன்னால் சொல்லமுடியாது, இது வேறு காரணங்களால் வருவதுதான் என்றார். நான் மூச்சு விட்டேன். அதைக் கண்டுவிட்டுத்தானோ என்னவோ, "ஆனால் ஒரு நாள் போய்விட்டது" என்றார். அந்த ஒரு நாள் இந்த அளவு பிள்ளைக்குப் பெரியதாம்.

தயா இரண்டு தரம் போன் எடுத்தாள். சனிக்கிழமைக்கு ஆட்கள் பதிந்திருக்கிறார்களாம். வரமாட்டேன் என்றேன். அந்தச் சனியன்று வேறு யாராவது "அசைவு குறைவு, அதுதான் இஞ்ச வந்தனாங்கள்" என்று வந்து நின்றால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். கடிதாசியில் எல்லாம் எழுதியிருக்கு மச்சாள் என்றாள். சனி இரவே அவள் வாசலில் மாட்டின படத்தைக் கழற்றச் சொன்னேன். அதை மட்டும் உடனே செய்தாள்.

நவம்பர் 14, வியாழன்

துவாரகன் முந்தாநாள் இரவு வந்து சேர்ந்திருக்கிறான். இன்றுதான் நேரில் கண்டேன். சின்னப் பெடியன். ட்ரக் ஓட்டின அதே சட்டை. சுவரில் சாய்ந்து நின்று போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் நான் எடுத்தவை.

"அக்கா, நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு நிரூ சொன்னவ. பெரிய உதவி."

அவன் விரல் சனிக்கிழமைப் படத்தில் வந்து நின்றது. நாடியில் குழி.

"இவ்வளவு படம் எடுத்தனீங்கள். இதில ஒண்டிலயும் தெரியேல்லையே அக்கா?"

குறை சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தெரியவில்லை தம்பி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நிரூஜாவும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். அந்தப் பொய் வரைக்கும் போன என் நாக்கை நான்தான் திருப்பினேன்.

"தெரிஞ்சது தம்பி. பிள்ளை அசையேல்ல. அதுதான் படம் வடிவா வருதெண்டு நான் சந்தோசப்பட்டனான். அசைவு குறைவெண்டு சொல்லிக்கொண்டு வந்த நிரூவுக்கு நல்லா இருக்கெண்டு சொல்லி வீட்ட அனுப்பினதும் நான்தான். நிரூ உங்களுக்கு அதைச் சொல்லியிருக்கமாட்டா."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பிள்ளையின்ர அம்மம்மா இஞ்ச இல்லாதபடியால் உள்ள போகக்கூடிய ஆக்களில உங்கட பேரைத்தான் நிரூ குடுத்திருக்கிறா" என்றான் கடைசியில். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. "நான் அவவிட்டப் போறன். நீங்கள் பிள்ளையோட நில்லுங்கோ. தனிய விடவேண்டாம்."

கையை முழங்கைவரை கழுவச் சொன்னார்கள். கழுவினேன். உள்ளே பெட்டிக்குள் வயர்களுக்கு நடுவில், என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அடங்கிவிடுவாள் போலக் கிடந்தாள். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. கன்னத்தில் பிளாஸ்டர். முகம் எங்கே என்று நான் தேடவில்லை. நெஞ்சைத்தான் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. துவாரகன் திரும்பி வந்து தோளைத் தொடும்வரைக்கும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.